வரியின் முடிவில் இரு புள்ளிகள்

அத்தியாயம் ஒன்பது

சென்ற இதழை வாசித்த அன்பர்களுக்குப் பியூலாவின் கையில் வந்து சேர்ந்த அறிவிப்புக் கடிதம் நினைவிருக்கும். வாசிக்க இயலாமற்போனவர்களுக்காகச் சில வரிகள். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் ஜேசுதாஸின் மனைவி பியூலா. வாக்காளர் பட்டியலைத் திருத்தும் பணி நடக்கும் இவ்வேளையில், அவள் பெயரை நீக்கும்படி யாரோ ஒருவர் மனுக் கொடுத்திருக்கிறார். அவள் இலங்கையில் பிறந்தவள், இந்நாட்டுக் குடிமகள் அல்லள் என்பது மனுவின் சாரம். நாளைக் காலை பதினொரு மணிக்கு உரிய சான்றுகளுடன் அவள் விசாரணைக்கு வரவேண்டும். மனுக் கொடுத்தவர் யார் என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

மனுவின் முற்பாதி உண்மை. அதுதான் பியூலாவின் அச்சம்.

கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் அவள். அப்போது அவள் பெயர் பொன்னுமணி. பெற்றோரை இழந்து, ஐந்து வயதில், தாய்மாமன் ராக்கையாவின் குடும்பக் கடவுச்சீட்டில் தன் பெயரும் ஏறியிருக்க, முறைப்படி கப்பலேறி இராமேசுவரத்தில் வந்து இறங்கினாள். இரு நாட்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று வந்த குடும்பம் அது. அதற்குச் சான்று அந்தப் பழைய கடவுச்சீட்டுப் புத்தகம் ஒன்றுதான். குரங்கணிக்கு மேலே, ஊத்துமேட்டில், மாமனின் தகரப் பெட்டியில் அது இருக்கிறது.

திருமணத்தின்போது ஞானஸ்நானம் பெற்றுப் பொன்னுமணி பியூலாவானாள். பிறந்த இடத்தைப் பற்றிக் கணவரிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். மூன்று மாதங்களுக்கு முன் கொழுந்தன் விஜயராஜுக்கும் அது தெரிந்துபோயிற்று. மாமன் சீதனமாகக் கொடுத்த நான்கு ஏக்கர் ஏலத்தோட்டத்தை விடுதி கட்டுவோருக்கு விற்கலாம் என்று அவன் பத்திரங்களைப் புரட்டியபோது தெரிந்தது. பியூலா கையெழுத்திட மறுத்தாள். அன்று முதல் விஜயராஜ் அவளிடம் பேசுவதில்லை.

ஆகவே அவளுடைய ஐயம் எவர்மீது சென்று நின்றது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

*

காலை ஆறரை மணிக்கெல்லாம் ஜேசுதாஸ் கடையில் அமர்ந்துவிட்டார். வீட்டின் முன்கட்டுதான் கடை, உள்கட்டில் குடும்பம். வெளியூர் வணிகர்களுக்கு அனுப்பவேண்டிய மாதிரிக் காய், சிறு காகித உறைகளில் வரிசையாக நின்றது. ஒவ்வோர் உறையின்மீதும் நாளையும் சரக்குத் தொகுதியின் லாட் எண்ணையும் காயின் பருமனையும் எழுதினார். வரி முடிந்த இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்து, அதன் கீழ் இரண்டு புள்ளிகள் வைத்தார்.

மறைந்த தந்தையார் பழக்கிய முறை அது. வெற்றிடம் விட்டால் அதில் வேறொருவன் ஓர் எண்ணைச் சேர்த்துவிடுவான் என்பது அவருடைய எச்சரிக்கை.

நாற்பது உறைகள், நாற்பது கோடுகள். ஓர் எழுத்தேனும் கோணவில்லை.

"நான் ஊத்துமேட்டுக்குப் போயிட்டு வந்துர்றேங்க," என்றாள் பியூலா, தேநீரை அவர் முன் வைத்தபடி.

அவர் நிமிரவில்லை. "நீ எதுக்கு? ஆள் அனுப்பி எடுத்தாரச் சொல்றேன்."

"மாமா ஆள் கையில குடுக்க மாட்டாரு. எட்டு மணி ஜீப்புல போனா நாலு மணிக்குள்ள திரும்பிரலாம்."

"மேல மஞ்சு எறங்கிருக்கும். பாதை தெரியாது."

"எனக்குத் தெரியாத பாதையா?"

ஜேசுதாஸ் நாற்பத்தோராவது உறையை எடுத்தார். "அந்தப் புஸ்தகம் இல்லாமலே சமாளிக்கலாம் பியூலா. ஆதார் இருக்கு. ரேசன் கார்டு இருக்கு. பேசாம வீட்டுல இரு."

"அதெல்லாம் பத்தாதுன்னு மகா சொல்றா."

மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் மகா நேற்று மாலை தொலைபேசியில் அழைத்திருந்தாள். அவள் பிறந்தது இரண்டாயிரத்து ஐந்தில். இரண்டாயிரத்து நான்கின் இறுதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தாய் தந்தை இருவரின் குடியுரிமையையும் பார்ப்பார்களாம். "அம்மா, ஒன் பேரு போச்சுன்னா அடுத்து என்னையக் கேப்பாங்களா?" என்று மகள் கேட்ட கேள்வி பியூலாவின் காதிலேயே தங்கிவிட்டது.

ஜேசுதாஸ் விடை சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் வசிக்கும் அவருடைய தமக்கை ஜெபமணி உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கைம்பெண். எங்கே புறப்பட்டாலும் ஜிப் வைத்த தோலுறையில் வேதப்புத்தகம் அவருடன் புறப்படும்.

"நானும் வர்றேன்," என்றார், யாரும் அழைக்காமலே.

"ஒனக்கு மூட்டு வலியாச்சேக்கா, மலைக்கெல்லாம் எதுக்கு?" என்றார் ஜேசுதாஸ்.

"மூட்டுதேன் வலிக்குது தம்பி. கண்ணு நல்லாத்தேன் தெரியுது."

சொல்லிவிட்டுப் பியூலாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஜேசுதாஸ் பேனாவை மூடி வைத்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

*

ஜீப்பில் ஒன்பது பேர் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். ஓட்டுநர் அருள்பாண்டிக்கு வாய் ஓயாது. பின்னிருக்கையில் மிளகு பறிப்பதற்காகச் சிலமலையிலிருந்து வரும் சோணை அவருக்கு ஏற்ற துணை.

"இது வெறும் ஓட்டு லிஸ்ட்டுன்னா நெனைக்கிற?" என்றார் சோணை. "இது முடிஞ்சா வீட்டுக் கணக்கு. அதுக்கடுத்து மக்கள்தொகைப் பதிவேடு. அதுக்கும் மேல குடிமக்கள் பதிவேடு. ஒவ்வொரு படியா ஏத்திக் கொண்டுபோயி உச்சியில வச்சுத் தள்ளி விட்ருவாய்ங்க."

"ஏண்ணே காலங்காத்தாலே பயமுறுத்துற? நாட்டுல யாரு இருக்கா, எவன் புதுசா வந்தான்னு கணக்கு வேணாமா? ஒங்கெடையில எத்தன ஆடு நிக்கிதுன்னு நீ எண்ண மாட்ட?"

"எண்ணுவேன்டா. ஆட்டுக்கிட்டப் போயி ஒங்காத்தா எந்தூர்ல பொறந்தான்னு கேக்க மாட்டேன்."

ஜீப்பு சிரித்துக் குலுங்கியது.

"எங்கப்பனுக்கு அவரு பொறந்த வருசமே தெரியாது," சோணை விடவில்லை. "வெள்ளம் வந்த வருசம்பாரு. எந்த வெள்ளம்னு கேட்டா அடிக்க வருவாரு. இவரு சர்ட்டிபிகேட்டுக்கு நான் எங்கிட்டுப் போக?"

"ஒனக்கு என்னண்ணே பயம்? நீ இந்த மண்ணு. கள்ளத்தனமா வந்து உக்காந்தவன்தேன் பயப்படணும்."

பியூலா முன்னாலிருந்த கம்பியை இறுகப் பற்றினாள். பக்கத்திலிருந்த ஜெபமணி அந்தக் கையைப் பார்த்தார்.

"வேர்க்குது போல," என்றார் தாழ்ந்த குரலில்.

"நெருக்கமா இருக்குல்ல மதினி."

"இருபத்து மூணு வருசம். எந்தம்பி பொண்டாட்டி நம்ம மலைக் கொட்டக்குடிக்காரின்னு சபையில அத்தன பேருகிட்டயும் சொல்லிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன கொறஞ்சு போயிரும்?"

"நீங்க கேக்கலையே."

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஆப்பம் சுடத் தெரியுமான்னு கேட்டேன். கப்பல்ல வந்தியான்னா கேப்பாங்க?"

பியூலாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இவர் ஏன் உடன் வருகிறார் என்ற எண்ணமே குடைந்தது. விஜயராஜ் கடைக்குட்டி; ஜெபமணி தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்கு வேண்டிய செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வருகிறாரோ? அந்தப் புத்தகம் கண்ணில் பட்டதும் வாங்கி வைத்துக்கொள்வாரோ?

குரங்கணியில் இறங்கி, வேறொரு ஜீப்பு பிடித்து, கடைசி அரை மைலை நடந்தார்கள். ஏலச்செடிகளின் இடையே பனி இன்னும் விலகியிருக்கவில்லை. ஜெபமணி மூட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை நின்றார். நான்கு முறையும் பியூலா நின்றாள்.

*

ராக்கையாவுக்கு எழுபத்தாறு வயது. ஊத்துமேட்டில் தகரக் கூரை வேய்ந்த வீட்டில் தனியே வசிக்கிறார். வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தவர் மருமகளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வா ஆத்தா! வாங்க டீச்சரம்மா! கட்டங்காப்பி போடவா?"

"காப்பி வேணாம் மாமா. பாஸ்போட்டு புஸ்தகம் வேணும். நாளைக்கு விசாரணை."

அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சி மெல்ல ஒதுங்கியது. "என்ன விசாரணை?"

பியூலா கடிதத்தைச் சொன்னாள். அவர் கேட்கக் கேட்க, கையிலிருந்த மிளகை ஒவ்வொன்றாகத் தரையில் விட்டார்.

"ஒம்பேரையா? ஒம்பேரை எதுக்கு வெட்றாக? வெட்டச் சொன்னது அத இல்லையே."

"எத மாமா வெட்டச் சொன்னீக?"

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். தேயிலை, ஏலத் தோட்டங்களில் செக்ரோல் என்றொரு வருகைப் பதிவேடு உண்டு. தொழிலாளி ஒரு மலைக்காட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், பழைய ஏட்டில் பெயரை வெட்டிய பிறகே புதிய ஏட்டில் பெயர் நிலைக்கும். இரண்டிலும் பெயர் கிடந்தால் இரண்டு இடத்திலும் கூலி நின்றுவிடும். ராக்கையா இக்கரையிலும் அக்கரையிலுமாக முப்பது ஆண்டுகள் சில்லறைக் கங்காணியாக ஆள்களை எண்ணி நிறுத்தியவர். அவருக்கு எண்கள் தெரியும்; எழுத்துத் தெரியாது. ஆனால் பெயர் வெட்டும் முறை அவருடைய இரத்தத்தில் ஊறியது.

"ரெண்டு எடத்துல பேரு இருந்தா செயிலுன்னு டீக்கடையில பேசிக்கிட்டாய்ங்க," என்றார். "கல்யாணத்துக்கு முந்தி ஒம்பேரு இங்கன பொன்னுமணின்னு கெடந்துச்சு. கீழ பியூலான்னு இருக்கு. முறை என்ன ஆத்தா? பழச வெட்டிரணும். அப்பத்தேன் புதுசு நிக்கும். நான் பொன்னுமணியத்தேன் வெட்டச் சொன்னேன்."

"யார்கிட்டச் சொன்னீக?"

ராக்கையா குனிந்து, சிந்திய மிளகைப் பொறுக்கினார்.

"யாரு மாமா அத எழுதுனது?"

"அது சொல்லக் கூடாது ஆத்தா. சத்தியம் பண்ணிருக்கேன்."

"எது மேல?"

"ஒம்மேலதேன்."

ஜெபமணி வாசற்படியில் அமர்ந்தார். அவருடைய கண்கள் இருவரையும் மாறி மாறி அளந்தன. பியூலா தன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி. ஆளச் சொல்ல வேணாம். புஸ்தகத்தக் கொண்டாங்க."

"புஸ்தகம் இல்ல."

"இல்லைன்னா?"

"தாளுகூடச் சேத்து வைக்கணும்னாக. அதுல பொன்னுமணின்னு இருக்குல்ல, அதப் பாத்துத்தேன் ஆபீசருக வெட்டுவாகன்னாக. வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துருவேன்னாக. ஒனக்குத் தெரிஞ்சா வீணா வெசனப்படுவ, முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னாக."

அவள் பெயருக்கிருந்த ஒரே சான்று, அவள் பெயரை நீக்கக் கேட்டவரின் கையிலேயே இருக்கிறது.

"அந்தத் தாளு எப்படி இருந்துச்சு?" என்று முதன்முறையாக ஜெபமணி கேட்டார். வகுப்பறையில் கேட்கும் குரல்.

"ரெண்டு தாளு டீச்சரம்மா. மொதத் தாளுல எங்கை ரேகை இழுகிப் போச்சு. மறுவடியும் எழுதி ரெண்டாவதுல வச்சோம்."

"மொதத் தாளு எங்க?"

"இருக்கு. கங்காணி தாளத் தூரப் போடுவானா?"

தகரப் பெட்டியைத் திறந்து, ஈரம் புகாமல் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் படிவம். கீழே நீல மை ரேகை தேய்ந்து அப்பியிருந்தது. பியூலாவின் கைக்கு வருமுன் ஜெபமணி அதை வாங்கிக் கண்ணாடியை அணிந்துகொண்டார்.

"நீக்க வேண்டிய பெயர்," என்று வாசித்தார். நிறுத்தினார்.

"பொன்னுமணின்னு போட்ருக்கும்," என்றார் ராக்கையா.

"பியூலா. கணவர் பெயர் ஜேசுதாஸ். போடி வீட்டு விலாசம் போட்டிருக்கு. காரணம்... இலங்கையில் பிறந்தவர். இந்தியக் குடியுரிமை இல்லாதவர்."

"இல்லையே டீச்சரம்மா. வேற எங்கயாச்சும் இருக்கும், நல்லாப் பாருங்க. பொன்னுமணின்னு பெலமாச் சொன்னேனே. ரெண்டு வாட்டி சொன்னேனே."

அவர் தம் வலது கைப் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வேட்டியில் துடைத்தார். மை என்றோ போய்விட்டது. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

பியூலா ஜெபமணியின் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் முடிந்த இடத்தில் ஒரு சிறு கோடு. கோட்டின் கீழ் இரண்டு புள்ளிகள்.

ஜெபமணியின் விரல் அந்தப் புள்ளிகளின்மேல் நின்றது.

"மதினி, இது..."

"ரெண்டு பயலுகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு," என்றார் ஜெபமணி, அவசரமாக. "எங்கப்பா ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சுத்தேன் எழுதப் பழக்குனாரு. விஜயனும் இப்படித்தேன் போடுவான்."

"அத எங்கிட்டக் குடுங்க."

"வாயத் தொறக்காத. சொல்லிட்டா அள்ள முடியாது."

படிவத்தை நான்காக மடித்தார். தோலுறையின் ஜிப்பைத் திறந்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்து, மூடினார்.

"குடுங்க மதினி! நாளைக்கு எனக்கு அது ஒண்ணுதேன் இருக்கு."

"எங்கிட்டயே இருக்கட்டும்."

யாரைக் காப்பதற்காக இருக்கட்டும் என்கிறார்? பியூலாவுக்குத் தெரியவில்லை. பிடுங்கியிருக்கலாம், மூட்டுவலிக்காரரால் அவளோடு போராட இயலாது. ஆனால் இருபத்து மூன்று ஆண்டு மரியாதை அவள் கைகளைக் கட்டியது.

*

மாலை மூன்றரை மணிக்குப் போடி ஜீப்பு நிறுத்தத்தில் இறங்கியபோது, எதிரிலிருந்த தேநீர்க் கடையில் விஜயராஜ் நின்றிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தவனை ஜெபமணி விடவில்லை.

"ஏலேய், இங்க வா. இந்த ரெண்டு மூணு மாசத்துல மலைக்குப் போனியா?"

"எனக்கென்ன சோலி அங்க? தோட்டத்தத்தேன் தர மாட்டேன்னுட்டாகளே."

"இவ பேர வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தது நீயா?"

விஜயராஜ் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். மூன்று மாதங்களில் முதன்முறையாகப் பியூலாவை நேராகப் பார்த்தான்.

"அண்ணி, ஒங்க மேல கோவம் உண்டு. இல்லைன்னு சொல்லல. தோட்டத்தக் குடுங்கன்னு கேட்டேன். நாட்ட விட்டுத் தொரத்தணும்னா கேட்டேன்?"

"நான் எங்க பொறந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல தம்பி."

"தெரியும். அந்தப் பழைய பத்திரத்த எடுத்து எங்கையில குடுத்ததே அண்ணன்தேன்."

"பொய் சொல்லாதல," என்றார் ஜெபமணி. குரலில் வழக்கமான உரம் இல்லை.

"நீ அவரையே கேளுக்கா. எப்பவும் எம்மேலதான சந்தேகம் வரும்? எனக்குப் பழகிப் போச்சு."

அவன் போய்விட்டான். பொய்யன் இப்படியும் பேசக்கூடும் என்று பியூலா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல, அதில் அவளுக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. காலையில் கணவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போது வேறு முகம் காட்டியது. நீ எதுக்கு? மஞ்சு எறங்கிருக்கும். புஸ்தகம் இல்லாமலே சமாளிக்கலாம்.

*

ஜேசுதாஸ் கடை வாசலிலேயே காத்திருந்தார்.

"என்ன இம்புட்டு நேரம்? பயந்து போயிட்டேன்." மனைவியின் கையிலிருந்த பையை வாங்கினார். "கெடச்சுச்சா?"

"இல்லைங்க. மாமா யார்கிட்டயோ குடுத்துட்டாராம்."

"யார்கிட்ட?"

"சொல்ல மாட்டேங்கிறாரு."

அவர் முகத்தை அவள் கூர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு முன், ஒரு நொடி, வேறொன்றும் வந்துபோனது. அதற்கு அவள் பெயர் வைக்க விரும்பவில்லை.

"விஜயன்தேன்," என்றார் ஜேசுதாஸ். "வேற யாரு? நான் அப்பவே நெனச்சேன். விடு பியூலா, நான் பாத்துக்கிறேன். உள்ள போயி முகத்தக் கழுவு. நானே காப்பி போட்டுக் கொண்டாறேன்."

இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் காப்பி போட்டதில்லை.

ஜெபமணி மூலையிலிருந்த சாக்கு மூட்டையின்மேல் அமர்ந்தார். வேதப்புத்தகம் மடியில் இருந்தது. இரு கைகளாலும் அதைப் பொத்தியிருந்தார்.

பியூலா முகம் கழுவப் போகவில்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் காலையில் அவர் மூடிவைத்த பேனாவையும் எடுத்து அவர் முன் வைத்தாள்.

"நாளைக்கு நான் குடுக்க வேண்டிய பதில எழுதித் தாங்க. ஒங்க கையெழுத்துன்னா அழகா இருக்கும்."

ஜேசுதாஸ் தாளைப் பார்த்தார். "நானா?"

"நாலே வரிதேன். பொன்னுமணியும் பியூலாவும் ஒருத்திதேன்னு. எந்த வருசம், எந்தக் கப்பல்னு நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

"டைப் அடிச்சுக்கலாமே. வெளியில ஆளு இருக்கான்."

"எனக்கு ஒங்க கையால வேணும்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். தாளின் மேல் பேனா நின்றது. ஏலத்துக்குப் போகும் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு கடந்து சென்றது. அது போய் முடிந்த பிறகும் தாள் வெறுமையாகவே இருந்தது.

"கை நடுங்குது பியூலா," என்றார். "காலையிலிருந்தே முடியல. நீயே எழுதிரு."

மூலையிலிருந்த ஜெபமணி நிமிர்ந்தார். அவருடைய பார்வை தம்பியின் கையிலிருந்து அலமாரிக்குச் சென்றது. அங்கே காலையில் எழுதப்பட்ட உறைகள் வரிசை கலையாமல் நின்றன. ஒவ்வொன்றாக அவற்றை வாசிப்பவரைப் போல வெகுநேரம் பார்த்தார். உதடுகள் அசைந்தன; என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

பிறகு மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, தோலுறையோடு வேதப்புத்தகத்தைப் பியூலாவின் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு வெறுங்கையோட போகாத," என்றார். "நானும் வர்றேன்."

"அதுல என்னக்கா இருக்கு?" என்றார் ஜேசுதாஸ்.

ஜெபமணி சாக்கு மூட்டைக்குத் திரும்பினார்.

பியூலா பேனாவை வாங்கினாள். அவள் கை நடுங்கவில்லை. பொன்னுமணி என்கிற பியூலாவாகிய நான், என்று தொடங்கி எழுதினாள். ஐந்து வயதில் கண்ட கடலையும், தலையை எண்ணி எண்ணி இறக்கிவிட்ட அதிகாரிகளையும் எழுத இடமில்லை. ஆண்டையும் துறைமுகத்தையும் மட்டும் எழுதினாள். நான்கு வரிகள் நிறைந்தன. கடைசி வரியின் முடிவில் ஒரு சிறு கோடு இழுத்தாள். அதன் கீழ், நிதானமாக, ஒரு புள்ளி வைத்தாள். இன்னொரு புள்ளி வைத்தாள்.

தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

ஜேசுதாஸின் கண்கள் எழுத்துகளைத் தாண்டிப்போய் அந்த இரு புள்ளிகளில் நின்றன.

"இது... ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலைங்க," என்றாள் பியூலா. "இங்க தெனமும் பாக்குறதுதேன். இன்னைக்குப் பாத்தது ஊத்துமேட்டுல."